பெட்ரோல் காரின் மைலேஜ் 16-இலிருந்து 12-க்கு இறங்கிவிட்டது: எதை முதலில் பார்ப்பது?

குரோம்பேட்டைவாசி:
2018-இல் வாங்கிய பெட்ரோல் காரில் தினமும் கிண்டி, சைதாப்பேட்டை வழியாக நுங்கம்பாக்கம் சென்று திரும்புகிறேன். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு 12-ஐத் தாண்டுவதில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) சுத்தம், டயருக்கு நைட்ரஜன் என்று பட்டியல் நீட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ பெட்ரோலில் எத்தனால் கலப்பதுதான் காரணம் என்று அடித்துச் சொல்கிறார். பணத்தைக் கொட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்? மேம்பாலத்தில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சமாகுமா?

கணக்குப்பிள்ளை:
டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஒரே பெட்ரோல் பங்கில், பம்பு தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அடுத்த முறை நிரப்பும் லிட்டரால் வகுத்துப் பாருங்கள். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பது உண்மையே. ஆயினும் 20 விழுக்காடு கலந்தால் மொத்த ஆற்றலில் குறைவது ஏறத்தாழ 7 விழுக்காடுதான். அந்தக் கணக்குப்படி 16 என்பது 15-க்கு அருகில் நிற்க வேண்டுமே தவிர, 12-க்கு விழாது.

பழைய மெக்கானிக்:
மழைக்காலத்துக்குப் பிறகு என்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் பிரேக் மீதுதான். தேங்கிய நீரில் ஓடிய வண்டியில் காலிப்பர் (பிரேக் பேடைத் தாங்கி அழுத்தும் பாகம்) நகர்வதற்கான பின்கள் துருப்பிடித்து இறுகிவிட்டால், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பின்னும் பேடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். இன்ஜின் அந்த உரசலையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். அதிகம் பிரேக் பிடிக்காமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுசென்று பாருங்கள் (டிஸ்கைத் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும்). ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதைக் கழற்றச் சொல்லுங்கள். டயர் காற்றை, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, காலையில் டயர் சூடேறும் முன் சரிபாருங்கள். நைட்ரஜனுக்குக் கொடுக்கும் காசு மைலேஜாகத் திரும்பாது.

நிதானமாக ஓட்டுபவர்:
நியூட்ரல் வேண்டாம். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வேகம் வெகுவாகக் குறையும் வரை எரிபொருள் செல்வதே நின்றுவிடும். சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும், இன்ஜினே வேகத்தைக் குறைக்கும் இன்ஜின் பிரேக்கிங்கும் கிடைக்காது. சைதாப்பேட்டையில் தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதும் காலை எடுத்துவிட்டு, கியரிலேயே உருண்டு செல்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள்; அடிக்கட்டும், அவர்களும் அதே சிக்னலில்தான் நிற்கப் போகிறார்கள்.

குரோம்பேட்டைவாசி:
மூவருக்கும் நன்றி. இடது முன் சக்கரத்தில் மட்டும் அனல் தெரிகிறது. 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர்களில் 26-தான் இருந்தது. சனிக்கிழமை காலிப்பரைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். கிண்டி நெரிசலில் ஏசியை அணைத்துவிடலாமா?

பழைய மெக்கானிக்:
நெரிசலில் ஏசி பெட்ரோல் குடிக்கத்தான் செய்யும். ஆனால் மே மாத வெயிலில் அதை அணைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. வெயிலில் நின்ற வண்டியில் முதலில் கண்ணாடிகளை இறக்கி உள்ளிருக்கும் அனலை வெளியேற்றிவிட்டு, பிறகு உட்காற்றுச் சுழற்சியில் ஏசியைப் போடுங்கள். காலிப்பரைக் கழற்றும்போது பின்களின் ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் அவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த மழையில் மறுபடியும் இறுகிவிடும்.