கோல்ஃப் சிமுலேட்டர் ரூமுக்கு காசை ஸ்கிரீன்ல போடணுமா, கூண்டுல போடணுமா?

ஸ்லைஸ்_மன்னன்:
ரூம் 18 அடி நீளம், 12 அடி அகலம், உயரம் ஒன்பதரை. பந்துக்குப் பக்கத்துல வைக்கிற கேமரா டைப் லாஞ்ச் மானிட்டர் (பந்து போற வேகம், கோணம் அளக்குற கருவி) வாங்கியாச்சு. மிச்ச பட்ஜெட்டுக்கு ரெண்டுல ஒண்ணுதான் முடியும். மூணு லேயர் இம்பாக்ட் ஸ்கிரீன் (பந்தையும் தாங்கி படமும் காட்டுற துணி) வாங்கிட்டு ஃபிரேமை நானே பைப்ல கட்டிக்கிறதா, இல்ல சாதா ஸ்கிரீனோட வர்ற ரெடிமேட் கூண்டா (பக்கமும் மேலயும் துணி மூடின ஃபிரேம்)?

பைப்_பைத்தியம்:
ஸ்கிரீன்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு. டிரைவர்ல (ரொம்ப தூரம் அடிக்கிற மட்டை) மணிக்கு 150 மைல் வேகத்துல பந்து போச்சுன்னா 46 கிராம் பந்தாலும் சுமார் 100 ஜூல் வரும், அத்தனையும் வாங்குறது துணி, பைப் இல்ல. ஒத்தை லேயர்ல வெளிச்சம் பின்னாடி கசிஞ்சு படம் மங்கும், அடிக்கிற சத்தமும் வீடு முழுக்க கேக்கும். மூணு லேயர்ல நடுவுல மெத்துனு இருக்கறதால பந்து தொம்முனு கீழ விழுந்துரும். ஃபிரேமுக்கு ஒயரிங்குக்கு போடுற இரும்பு பைப்பும் மூலை ஃபிட்டிங்கும் போதும்.

ஷாங்க்_சாமி:
ஸ்கிரீன்ல படுற பந்தைப் பத்தியே பேசுறீங்க பாஸ், படாத பந்து எங்க போகும்? டீ (பந்தை வெச்சு அடிக்கிற இடம்) ஸ்கிரீன்ல இருந்து 10 அடி, ஸ்கிரீன் அகலம் 10 அடி, நடுவுல நின்னு அடிக்கிறார்னு வைங்க. பக்கத்துணி 2 அடிதான் முன்னால வருதுன்னா 32 டிகிரி தாண்டி போற பந்து சுவத்துல. 5 அடி வந்துச்சுன்னா 45 டிகிரி வரைக்கும் பிடிச்சிடும். பேரையே ஸ்லைஸ் (பந்து பக்கவாட்டுல வளைஞ்சு போறது) மன்னன்னு வெச்சிருக்கார், அவருக்குப் போய் பக்கம் மூடாத ஃபிரேமை சொல்றீங்களே 😄 மேலயும் பாருங்க, வெட்ஜ்ல (பந்தை உயரமா தூக்குற மட்டை) 30 டிகிரியில ஏறின பந்து ஸ்கிரீன்ல கிட்டத்தட்ட 6 அடி உயரத்துல படும், 45ல தூக்கினா ஸ்கிரீனுக்கு முன்னாடியே சீலிங்.

பைப்_பைத்தியம்:
பக்கம் மூட வேணாம்னு யாரு சொன்னா? வலை வாங்கி லூசா தொங்க விடுங்க, கூண்டுக்கு ஆகுற காசுல கால்வாசி கூட ஆகாது.

ஷாங்க்_சாமி:
வலை சரி, முன்னாடி நிக்கிற பைப்பு? ஃபோம் சுத்தாத பைப்ல பந்து பட்டா அடிச்ச ஆள் முகத்துக்கே நேரா திரும்பி வரலாம். சொந்தமா கட்டுறவங்க அதை 'அப்புறம் பாத்துக்கலாம்'னு விட்டுட்டு மொதல்ல ஆடத்தான் உக்காருவாங்க. அதோட மூணு லேயர்னாலும் சுருக்கம் தெரியக்கூடாதுன்னு டிரம் மாதிரி இழுத்துக் கட்டினா அதுவும் திருப்பித்தான் அடிக்கும். எலாஸ்டிக் கயிறுல கொஞ்சம் தளர்வா விடணும், பின்னாடி சுவத்துக்கு ஒரு அடியாவது இடைவெளி வேணும்.

லென்ஸ்_லிங்கம்:
நடுவுல வர்றேன் மன்னிக்கணும், ரெண்டு பேரும் படத்தை மறந்துட்டீங்க. 10 அடி அகலத்துக்கு 16:9 போட்டா படம் 5.6 அடி உயரம்தான், மேல மூணு அடிக்கு மேல சும்மா கெடக்கும். 4:3னா ஏழரை அடி வரும், இந்த ரூமுக்கு அதுதான். மொதல்ல புரொஜெக்டர் எந்த அளவுன்னு முடிவு பண்ணிட்டு ஸ்கிரீனுக்கு வாங்க, ஷார்ட் த்ரோ (கிட்ட இருந்தே பெரிய படம் காட்டுறது) எடுத்தா நிழலும் விழாது.

ஸ்லைஸ்_மன்னன்:
பின்னாடி 1 அடி, டீக்கு 10, ஸ்விங்குக்கு 7, சரியா 18 ஆயிடுது. பயமுறுத்திட்டீங்க சாமி, கூண்டு பக்கம்தான் சாயுறேன். சாதா ஸ்கிரீன் எவ்ளோ நாள் தாங்கும்?

பைப்_பைத்தியம்:
உங்க பந்தைப் பொறுத்தது. வெட்டுப்பட்ட பழைய பந்து, புது வெட்ஜ் சுரண்டி சொரசொரப்பான பந்து, ரெண்டும் துணியை அரிச்சிடும், மார்க்கர்ல கோடு போட்ட பந்து மையை அப்படியே ஒட்டிட்டுப் போகும். இப்பவும் சொல்றேன், ஒரு வருஷத்துல ஸ்கிரீன் மாத்தத்தான் போறீங்க. அதனால கூண்டு ஆர்டர் பண்றப்பவே ஐலெட் (ஸ்கிரீன் ஓரத்துல கயிறு மாட்டுற ஓட்டை) இடைவெளியை கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, அடுத்து வாங்குற ஸ்கிரீன்ல அது ஒத்து வரலேன்னா மாட்டுறது கஷ்டம்.

ஷாங்க்_சாமி:
அடுத்த வருஷம் ஸ்கிரீன் மாத்தலாம், பேசுவோம். வீட்ல இடது கைக்காரங்க யாராவது ஆடுவாங்களா மன்னா? ஆடுறதா இருந்தா டீயை நடுவுலதான் வைக்கணும், அவங்களுக்கு ஷாங்க் (மட்டைக் கழுத்துல பட்டு பக்கத்துல பறக்குற பந்து) எதிர்ப்பக்கம் போகும், அதனால ரெண்டு பக்கமும் ஒரே ஆழம் கேளுங்க.