அங்கோலாக்காரன் பெயர் அடிபட்டதும் அந்த அம்மாள் திரும்பினார்

இசார்க்கரை:
‘லேபர்கேஸ்ஜங்கி’ என்ற ஜெர்மன் துப்பறியும் நகைச்சுவைப் படம், 2019 ஆகஸ்ட். பவேரியாவில் ஒரு சிற்றூர்த் திரையரங்கு. கதைதான் தெரியுமே: எரிந்த வீடு, உள்ளே பிணம், சந்தேகம் ஊர்க் கால்பந்து அணியின் நட்சத்திரமான அங்கோலாக்காரன் புவெங்கோ மீது. அவன் பெயர் அடிபட்டதும் எனக்கு முன்னால் இருந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். அரங்கில் கறுப்புத் தோல் எனக்கு மட்டும்தான். ஒரு கணம் கழித்துத் தன் பாப்கார்னை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மன்னிப்பா, இரக்கமா, வெறும் சோளப்பொரியா? இன்றுவரை பிடிபடவில்லை.

வேம்படி:
படத்தின் கிண்டல் ஊர்க்காரர்கள் மேல்தான் ஐயா, புவெங்கோ மேல் அல்ல. இது கூடவா புரியவில்லை? ஆனாலும் ஒன்று: ஊர்ப் போலீஸ்காரர் ஏபர்ஹோஃபர்தான் நாயகன், 2013 முதல் 2023 வரை அவரை வைத்து ஒன்பது படங்கள். அவருடைய பாட்டிக்கும் ஊர் இறைச்சிக்கடைக்காரருக்கும் படத்துக்குப் படம் இடம் உண்டு. புவெங்கோவுக்கு?

பழைய அகதி:
நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். 1997இல் ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’ என்ற ஜெர்மன் படம் வந்தது. அதில் அப்துல் என்ற மந்தபுத்தி அடியாளாக மோரிட்ஸ் பிளைப்ட்ராய் நடித்தார். அவருடைய தாய், தந்தை இருவருமே ஆஸ்திரிய நடிகர்கள். நான் பாத்திரம் கழுவிய சமையலறையில் அன்றிலிருந்து என் பெயர் அப்துல். சம்பளச் சீட்டில் மட்டும் அப்பா வைத்த பெயர். பிறகு உண்மையாகவே அப்துல் என்று ஒரு பையன் வேலைக்கு வந்தான். தலைமைச் சமையல்காரர் யோசித்துவிட்டு அவனுக்கு ‘இரண்டாம் அப்துல்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ரவுண்டானா:
எனக்கும் இப்படி ஒன்று ரயிலில் நடந்தது, அது கிடக்கட்டும். முதல் பதிவருக்குச் சொல்கிறேன். பவேரியப் பேச்சுவழக்கு பிடிபடாமல் இந்தப் படங்களைப் பார்க்கவே கூடாது. காது கேளாதோருக்கான வசன வரிகளைப் போட்டு வீட்டில் ஒருமுறை பாருங்கள், பிறகு அரங்குக்குப் போங்கள். எல்லோரும் சிரிக்கும்போது நீங்களும் சிரித்தால் யாரும் திரும்ப மாட்டார்கள். ஊர்க் கால்பந்துக் கழகத்தில் சேருங்கள். படப்பிடிப்பு நடந்த ஃபிரான்டன்ஹவுசனில் ஏபர்ஹோஃபர் பெயரில் ரவுண்டானாவே இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வாருங்கள். படத்தின் பெயரில் வரும் லேபர்கேஸ் ஓர் இறைச்சிப் பண்டம், அதைச் சூடாகச் சாப்பிட வேண்டும், கடுகுச் சாந்து இனிப்பானதாக இருக்கட்டும்.

இசார்க்கரை:
நான் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சாப்பிடுவதில்லை. நான் கேட்டது பாப்கார்னைப் பற்றி.