கடனில் இருக்கும்போது தசமபாகம்: கொடுப்பதா, நிறுத்துவதா?

கணக்கு நோட்டு:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஒரு மாதமாக மனதை அரித்துக்கொண்டிருக்கிற விஷயம். சபையில் கேட்டால் விசுவாசக் குறைவு என்பார்கள். ஆபீசில் கேட்டால் "முதல்ல அந்தக் காணிக்கையை நிறுத்துங்க" என்று சிரிப்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வரவு செலவு எழுதுவது நான்தான். சாதாரண கோடு போட்ட நோட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. திருமணமாகி 11 வருடம். இதுவரை தசமபாகம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. சம்பளம் வந்த அன்றே சபைக்கென்று பத்தில் ஒரு பங்கை எடுத்து நான் கவரில் போடுவேன், இவர் மேலே பெயரும் மாதமும் எழுதுவார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும், அதனால் அந்த வேலை அவருக்கு.

மூன்று வருடத்துக்கு முன்பு மாமியாருக்கு ஆபரேஷன். கையிருப்பு பாதிக்குத்தான் வந்தது, மீதியைக் கிரெடிட் கார்டில் தேய்த்தோம். "ரெண்டு மாசத்துல அடைச்சிடலாம்" என்றார். மாமியார் தேறிவிட்டார், கடன்தான் தேறவில்லை. அப்புறம் வாஷிங் மெஷின் பழுது, பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ். ஒவ்வொரு மாதமும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவோம். மாதக் கடைசியில் கை வறண்டால் மறுபடி கார்டு.

போன மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல், நோட்டை எடுத்துவைத்துப் பன்னிரண்டு மாதக் கணக்கையும் கூட்டினேன். ஒரு வருடத்தில் கார்டில் ஏறியிருந்த கடனும் கவரில் போட்ட தசமபாகமும் ஏறக்குறைய ஒரே தொகையாக வந்தது. எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று மறுபடி கூட்டினேன். அதேதான். சம்பளத்திலிருந்து கொடுக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் கார்டிலிருந்து போயிருக்கிறது. மாதம் 3 சதவீத வட்டிக்கு வாங்கி ஆண்டவருக்குக் கொடுத்திருக்கிறோம்.

இவரிடம் சொன்னேன். உடனே தசமபாகத்தைப் பற்றிய வேத வசனம், மல்கியா 3:8. "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?" எதை வேண்டுமானாலும் குறை, அதில் மட்டும் கை வைக்காதே என்றார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை, நானும் அப்படித்தான் வளர்ந்தவள்.

இன்னொன்றும் இருக்கிறது. இவருடைய சித்தப்பா மகன் ஒரு லோன் எடுக்கிறான், இவரை ஜாமீன் கையெழுத்துக் கேட்டிருக்கிறான். அடுத்த வாரம் போட வேண்டும். எங்கள் நிலைமை அவனுக்குத் தெரியாது. இவரும் சொல்ல மாட்டார்.

வசனத்தோடு சொல்லுங்கள். ஆனால் கணக்கையும் பார்த்துச் சொல்லுங்கள்.

முழங்கால் யுத்தம்:

சகோதரி, நிறுத்தாதீர்கள். வேதத்திலே "என்னைச் சோதித்துப்பாருங்கள்" என்று கர்த்தர் சொல்லியிருக்கிற இடம் அதே மல்கியா 3-தான். வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்றவர் உங்கள் கார்டுக் கடனைப் பார்த்து மலைத்துவிட மாட்டார். எனக்கு ஆறு மாதம் வேலை இல்லாமல் இருந்தது. அப்போது கிடைத்த சில்லறை வேலைகளிலும் பத்தில் ஒன்று கொடுத்தேன். ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை. இது என் சாட்சி. உங்கள் கணவர் சொல்வதைக் கேளுங்கள்.

பழைய கணக்கர்:

நான் ஒன்பது வருடம் சபைப் பொருளாளராக இருந்தவன். ஆராதனை முடிந்ததும் கவர்களைப் பிரித்து எண்ணுகிற மேஜையில் உட்கார்ந்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன், தங்கச்சி. அந்த மேஜையில் இருக்கும்போது ஒன்று கவனித்தேன். கவர் ஒருநாளும் தவறாத ஒரு குடும்பத் தலைவர், எங்கள் கமிட்டியில் இருந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் கைமாற்று வாங்கியிருந்தார். மூன்று பேருக்கும் திருப்பித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் கவரை நான்தான் பிரிப்பேன். அதில் இருப்பது என்னிடம் வாங்கிய நோட்டோ என்று ஒருமுறை தோன்றியது, வெட்கமாகவும் இருந்தது. "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்று சங்கீதம் 37:21 இருக்கிறது. அதன்மேல் எங்கள் சபையில் பிரசங்கம் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. மல்கியாவின்மேல் வருடத்துக்கு இரண்டு தடவையாவது வந்துவிடும்.

கணக்கு கேட்டீர்கள், அதை முதலில் பார்த்துவிடுவோம். மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று பலரும் நினைக்கிறார்கள். வட்டிக்கு வட்டி ஏறுவதால் 42-ஐத் தாண்டும். மாதாமாதம் 5 சதவீதம் குறைந்தபட்சம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று முதல் ஒரு பொருளும் புதிதாக வாங்காவிட்டாலும், 100 பங்கு கடன் ஒரு வருடம் கழித்து 77 பங்காக நிற்கும். அதற்குள் நீங்கள் 55 பங்கு கட்டி முடித்திருப்பீர்கள். 55 கொடுத்து 23 குறைந்திருக்கிறது, மீதி வட்டி. உங்கள் வீட்டில் புதுச் செலவும் கார்டில் ஏறுகிறது, அதனால் அந்த 23-உம் குறையவில்லை.

இனி வேதம். 2 இராஜாக்கள் 4-ஐ எடுங்கள். தீர்க்கதரிசி ஒருவரின் விதவை, கடன்காரன் பிள்ளைகளை அடிமைகளாகப் பிடித்துப்போக வருகிறான். எண்ணெய் அற்புதமாகப் பெருகுகிறது. பெருகினபின் எலிசா தீர்க்கதரிசி என்ன சொல்கிறார்? "நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்." அற்புதத்தில் வந்த பணம்கூட முதலில் கடனுக்குத்தான் போனது. எலிசா தனக்கோ தன் ஊழியத்துக்கோ ஒரு பங்கும் கேட்கவில்லை.

தசமபாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்ணாகமம் 18-ஐச் சொல்வார்கள். ஆலய ஊழியம் செய்த, நிலத்தில் பங்கு இல்லாத லேவியருக்காக அது ஏற்பட்டது. உபாகமம் 14-க்கு வருகிறவர்கள் குறைவு. அங்கே தசமபாகத்தைக் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருஷத்தின் பங்கு லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். ஒரே சதவீதம், ஒரே கவர் என்று அது அவ்வளவு எளிதாக இல்லை. பவுல் சபைகளுக்கு எழுதும்போது பத்தில் ஒன்று என்ற பேச்சையே எடுக்கவில்லை. "தன் தன் வரவுக்குத் தக்கதாக" என்கிறார் (1 கொரிந்தியர் 16:2). "அவனிடத்தில் இல்லாததின்படியல்ல, அவனிடத்தில் உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்கிறார் (2 கொரிந்தியர் 8:12). கார்டின் லிமிட் உங்களிடத்தில் உள்ளது அல்ல, தங்கச்சி. அது வங்கியிடத்தில் உள்ளது.

ஜாமீனுக்கு விளக்கமே வேண்டாம். நீதிமொழிகள் 6:1–5, 11:15, 17:18, 22:26. ஜாமீன் நிற்பதைப் பற்றி ஒரே புத்தகத்தில் நாலு இடத்தில் எச்சரித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டாலும் தூங்காமல் போய் விடுவித்துக்கொள் என்கிற அளவுக்குப் போகிறது. உங்கள் கணவர் இன்னும் போடவில்லை. அவருக்கு வேலை மிச்சம்.

கடன் அடையும்போதே ஒரு சின்னத் தொகையை ஒதுக்கி வையுங்கள். யோசேப்பு எகிப்தில் செழிப்பான வருஷங்களில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்துவைக்கச் சொன்னார். உங்களுக்கு அவ்வளவு முடியாது. ஆனால் ஒன்றுமே இல்லாவிட்டால் அடுத்த மருத்துவச் செலவும் அதே கார்டில்தான் விழும்.

சம்பளம் உயர்ந்தால் செலவை அங்கேயே நிறுத்திவையுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஆக்ஸ்போர்டு வாலிபன் ஒருவனைப் பற்றிச் சொல்வார். அது அவரேதான் என்பார்கள். வருடத்துக்கு 30 பவுண்டு வந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தான். 60 வந்தபோதும் 28-தான், 32 கொடுத்தான். 120 வந்தபோதும் 28-தான். பத்தில் ஒன்று என்று அவன் நின்றிருந்தால் 12-தான் கொடுத்திருப்பான். முதல் வருஷத்தில் அவன் கொடுத்த 2, பத்தில் ஒன்றுக்குக் குறைவு என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது பெஞ்ச்:

அக்கா, நான் நிறுத்திப் பார்த்தவள். 14 மாதம். அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பர்சனல் லோன், கூடவே இரண்டு கார்டு. ஒரு மாதம் கவரை எடுக்கவில்லை, அடுத்த மாதமும் எடுக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. கடனும் குறைந்தது. ஆனால் யாரிடமும் சொல்லாமல், ஜெபிக்காமல், திருடி மாதிரி நிறுத்தினேன். காணிக்கைப் பை வரும்போது போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். பிறகு பை வருவதற்கு முன்பே எழுந்து வெளியே போக ஆரம்பித்தேன். கடைசியில் ஆராதனைக்கே தாமதமாகப் போவேன், அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது. லோன் முடிந்த மாதம் மறுபடி கொடுக்க உட்கார்ந்தால் கை வரவில்லை. 14 மாதம் அந்தப் பணத்துக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதே! திரும்ப ஆரம்பிக்க இன்னும் ஐந்து மாதம் ஆனது.

அதனால் சுத்தமாக நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கவர் போகட்டும். எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று இரண்டு பேரும் உட்கார்ந்து தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேதி இல்லாவிட்டால் அது "பிறகு பார்க்கலாம்" ஆகிவிடும்.

கார்டைப் பற்றி ஒன்று. நான் என் கார்டை பைபிளில் நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரத்தில் வைத்தேன், "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்ற வசனத்தின்மேலேயே. ரொம்பப் பக்தியாக இருந்தது. ஆனால் கார்டு நம்பர் போனில் ஷாப்பிங் ஆப்பில் சேமித்திருந்தது. பைபிளைத் திறக்காமலேயே வாங்கித் தள்ளினேன். ஆப்பிலிருந்து நம்பரை அழித்தபிறகுதான் குறைந்தது. முதலில் அதைச் செய்யுங்கள்.

முழங்கால் யுத்தம்:

பழைய கணக்கர் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். இப்படி விளக்கம் கொடுத்துக் கொடுத்துத்தான் ஜனங்கள் குளிர்ந்துபோகிறார்கள். ஆண்டவரே மத்தேயு 23:23-இல் "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்றார். தசமபாகத்தை விடு என்று சொல்லவில்லை.

பழைய கணக்கர்:

சொல்லவில்லைதான், ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும் கணக்குப் பார்த்து, நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களுக்குச் சொன்னது அது. அதே ஆண்டவர் மாற்கு 7-இல் கொர்பானைப் பற்றியும் பேசினார். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை "இது காணிக்கை" என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களைப் பற்றி. இந்தத் தங்கச்சி வீட்டில் கடன் வந்ததே மாமியார் ஆபரேஷனுக்கு. சொந்த வீட்டாரை விசாரிக்க வேண்டும் என்கிற 1 தீமோத்தேயு 5:8-இன்படி அதுவும் செய்ய வேண்டிய காரியம்தானே?

உங்கள் சாட்சியை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் கையில் இருந்ததிலிருந்து கொடுத்தீர்கள். இவர்கள் கையில் இல்லாததிலிருந்து கொடுத்திருக்கிறார்கள்.

முழங்கால் யுத்தம்:

அந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தச் சொல்ல என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஜெபிக்கிறேன்.

கணக்கு நோட்டு:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக மூன்றாவது பெஞ்ச் தங்கைக்கு. ஆப்பில் பார்த்தால் எங்கள் கார்டு ஐந்து இடத்தில் சேமித்திருந்தது. ஒன்றில் என் பையன் கேம் வாங்கியிருக்கிறான்!

இவரிடம் மல்கியாவைப் பற்றி நான் வாதாடவில்லை. நோட்டை விரித்து வைத்தேன், பக்கத்தில் 2 இராஜாக்கள் 4-ஐ விரித்து வைத்தேன், எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது என் கூட்டலைத் தன் போன் கால்குலேட்டரில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறையும் அதேதான் வந்தது போல. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "எண்ணெய் வித்த காசுல அந்த அம்மா எலிசாவுக்கு ஒண்ணுமே குடுக்கலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி வாசித்தார்.

அடுத்த நாள் அவராகவே போதகரைப் போய்ப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று நினைத்தோம். ஜெபித்துவிட்டு, "தம்பி, அது உங்க வீட்டு நோட்டு, அதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றாராம். நிறுத்து என்றும் சொல்லவில்லை, கொடு என்றும் சொல்லவில்லை. இவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம், யாராவது பெரியவர் தீர்ப்பாகச் சொல்லிவிட மாட்டார்களா என்றிருந்தேன்.

நான் பத்து சதவீதத்தை இரண்டு சதவீதமாக்கலாம் என்றேன். அவர் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. சரி, ஐந்து. மீதி ஐந்தும் கார்டுக்கு, குறைந்தபட்சத்துக்கு மேலே. 18 மாதம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சம்பளம் ஏறினால் ஏறுகிறது முழுவதும் கடனுக்கு.

ஜாமீன் போடவில்லை. சித்தப்பா மகனை வீட்டுக்கு வரச்சொல்லி எங்கள் நிலைமையை உள்ளபடி சொன்னார். அதைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும், தண்ணீரையே மூன்று தரம் குடித்தார். அவன் முகம் சுருங்கிவிட்டது. சித்தப்பா இப்போது போனை எடுப்பதில்லை. இது ஆறுமா என்று தெரியவில்லை.

இந்த மாதக் கவரை நான் நீட்டியபோது மெலிசாக இருந்தது. இவர் பெயரை எழுதினார், மாதத்தை எழுதினார், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் ஒட்டினார். கார்டு பாக்கி முதல்முறையாகப் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. எவ்வளவு என்று சொன்னால் சிரிப்பீர்கள், சொல்லவில்லை.

இனி ஒரு கேள்வி பாக்கி. மாமியாருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கவர் ஏன் மெலிசாயிருக்கிறது என்று போன வாரம் கேட்டுவிட்டார். அவர் ஆபரேஷனில் ஆரம்பித்த கடன் என்று தெரிந்தால், மறுநாளே மாத்திரையை நிறுத்துகிற ஆள். அவரிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? பழைய கணக்கர் அண்ணா, உங்கள் வீட்டில் இப்படி வந்ததுண்டா?