3,200 வெள்ளிக்குப் பழைய ஃபாந்தம்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

துவாஸ்_ஷிஃப்ட்:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். போன மாதம்தான் 2பி லைசென்ஸ் (200 சிசி வரை ஓட்டலாம்) கைக்கு வந்தது. சிங்கப்பூரில், துவாஸில் ஷிஃப்ட் வேலை. காலை ஷிஃப்டுக்கு முதல் ரயிலைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. பைக் வாங்கியே ஆகவேண்டும். கையில் 4,000 வெள்ளி இருக்கிறது. காப்புறுதி, ரிப்பேர் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். கடன் வாங்க மனமில்லை.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஹோண்டா ஃபாந்தம் டிஏ200, கேட்கும் விலை 3,200. சிஓஇ (வண்டியை வைத்திருக்க அரசு தரும் உரிமைச் சான்றிதழ்) இன்னும் 28 மாதம். டேங்க் வெளுத்திருக்கிறது, ரிம்மில் துரு, சோக் இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. "கார்புரேட்டரைக் கொஞ்சம் கழுவினால் போதும்" என்கிறார் விற்பவர். இன்னொன்று 1996-ல் பதிவான யமஹா ஆர்எக்ஸ்இசட். விலை இதைவிடக் குறைவு, சத்தம் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை.

ஊரில் அப்பாவின் டிவிஎஸ் 50-ஐப் பிரித்துப் பூட்டிய அனுபவம் இருக்கிறது. நானே சரிசெய்து, பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி ஆக்கலாம் என்று ஆசை. எதை எடுக்கலாம்? வேலையை எங்கே வைத்துச் செய்வது?

கிக்ஸ்டார்ட்_மாமா:

தம்பி, முதலில் ஆர்எக்ஸ்இசட்டை மறந்துவிடுங்கள். எனக்கும் அந்தச் சத்தம் உயிர். ஆனால் 2003 ஜூலை 1க்கு முன் பதிவான பைக்குகள் 2028 ஜூன் 30க்குப் பிறகு இங்கே சாலையில் ஓட முடியாது என்று 2018-லேயே அறிவித்துவிட்டார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அந்த வயசு வண்டிகளுக்குப் புகைச் சோதனையும் இறுகிவிட்டது. டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்தே எரியும், எரியாத மிச்சம் சைலன்சர் வழியாக வெளியே போகும். சோதனை மெஷின் அதைத்தான் பிடிக்கும். நல்ல நிலையில் உள்ள ஆர்எக்ஸ்இசட்டை இன்றைக்கு யாரும் சும்மா தள்ளிவிட மாட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

இப்போது ஃபாந்தம். இங்கே பழைய பைக்கின் விலையில் பாதிக்கு மேல் சிஓஇ-யில் மிச்சமுள்ள மாதங்களுக்குத்தான் போகிறது. விற்பவரிடம் லாக் கார்டை, அதாவது வண்டியின் பதிவு விவரத்தை, கேளுங்கள். சிஓஇ-க்குக் கட்டிய தொகை அதில் இருக்கும். உதாரணத்துக்கு, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து 5,000 வெள்ளி கட்டியிருந்தால், 60 மாதத்தில் 28 மாதம் மிச்சம். கிட்டத்தட்ட 2,330 வெள்ளி. நாளைக்கே வண்டியைப் பதிவு நீக்கினாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமிருந்து அந்தக் கணக்கில் பணம் திரும்ப வரும். ஆக, அந்த வண்டிக்கு அவர் கேட்பது உண்மையில் 870 வெள்ளி. பேரத்தை அந்த 870-ல் நடத்துங்கள். வெளுத்த டேங்க், துருப்பிடித்த ரிம், சோக் எல்லாம் அதில் கழிய வேண்டும்.

ஐந்து வருஷமா பத்து வருஷமா என்று கட்டாயம் கேளுங்கள். பத்து வருஷப் புதுப்பித்தல் என்றால் முடியும்போது மறுபடி புதுப்பிக்கலாம். ஐந்து வருஷம் என்றால் அத்தோடு கதை முடிந்தது: பதிவை நீக்கி நொறுக்கக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். 28 மாதத்தில் நொறுக்கப்போகிற வண்டிக்கு 600 வெள்ளியில் பெயின்ட் எதற்கு? அந்தக் காசு டயருக்கும் பிரேக்குக்கும் போகட்டும்.

பார்க்கப் போகும்போது கையோடு ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் நீங்கள் வரும் முன்னே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார், ஆறும்வரை பேசிக்கொண்டிருங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, உங்கள் பட்ஜெட்டுக்கு ஆகாது, கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) மேல் செயினைப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் தெரிகிற அளவுக்குத் தூக்கினால் செயின் செட் மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், ரப்பர் காய்ந்திருக்கும், மழையில் வழுக்கும். பெட்ரோல் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு பாருங்கள். ஃபிரேம் எண்ணும் எஞ்சின் எண்ணும் லாக் கார்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் எண் வேறாக இருந்தால் ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம்.

சோக் இல்லாமல் ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் பைலட் ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் சின்னத் துளைக் குழாய்) அடைப்புதான் காரணம். ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி படிந்துவிடும். சிலசமயம் கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கும். வண்டி ஓடும்போது அந்த ரப்பர் மேல் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் அடியுங்கள், எஞ்சினின் வேகம் சட்டென்று மாறினால் அங்கேதான் காற்று உள்ளே போகிறது. எஞ்சின் சூடேறும் முன்பே செய்யுங்கள், அது தீப்பற்றக்கூடியது.

எங்கே வைத்து வேலை செய்வது என்றால், வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்பார்க்கில் எஞ்சினைப் பரப்பி வைக்க முடியாது, விதியும் இடம் கொடுக்காது, எதிர் புளோக் ஆச்சியும் விடமாட்டார். நான் கார்புரேட்டரை மட்டும் கழற்றி மேலே கொண்டுபோவேன். சமையலறைத் தரையில் தமிழ் முரசை விரித்து, ஸ்க்ரூவையெல்லாம் கழற்றிய வரிசையில் அதன்மேல் அடுக்கி வைப்பேன். பைலட் ஜெட் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளீனரில் ஊறப்போட்டு, மெல்லிய செம்புக் கம்பி இழையால் குத்துங்கள். எஃகு ஊசி வேண்டாம், பித்தளைத் துளை பெரிதாகிவிடும், அப்புறம் எப்படி டியூன் செய்தாலும் பெட்ரோல் குடிக்கும். இந்த வேலைக்கு ஒரு கடையில் 120 வெள்ளி வாங்கிக்கொண்டு வெளியே மட்டும் பளபளவென்று துடைத்துக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் பழுப்பு மண்டி அப்படியே கிடந்தது. அன்றிலிருந்து அதை நானே செய்கிறேன். வாசனைக்கு மட்டும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது. வீட்டம்மாவின் திட்டுக்கு மருந்து இல்லை.

செங்காங்_சாரதா:

மாமா சொன்னதில் காப்புறுதி விட்டுப்போச்சு. தம்பி, வண்டியைப் பார்க்கப் போகும் முன்னாலேயே அதன் விலையை விசாரித்துவிடுங்கள். போன மாதம் லைசென்ஸ் எடுத்தவருக்கு அது நிச்சயம் கசக்கும். வண்டியை 3,000-க்கு முடித்துவிட்டு, காப்புறுதிக்குக் காசில்லாமல் கார்பார்க்கில் நிறுத்திவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, மூன்று வயதைத் தாண்டிய பைக்குக்கு வருஷா வருஷம் சோதனை உண்டு. அதில் தேறினால்தான் சாலை வரி புதுப்பிக்க முடியும். சைலன்சர் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபாந்தத்தில் அந்தப் பழக்கம் அதிகம். அனுமதி இல்லாத சைலன்சர் என்றால் பழைய ஒரிஜினலையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

என் கருத்து வேறு. வேலைக்கு நேரத்தோடு போகத்தானே வண்டி? ஹோண்டா வேவ் மாதிரி ஒன்றை எடுங்கள். நான் டெலிவரிக்கு அதைத்தான் ஓட்டுகிறேன். அழகில்லைதான். எண்ணெய் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். பிரித்து மாட்டுகிற ஆசைக்கு இரண்டாவது வண்டி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கிக்ஸ்டார்ட்_மாமா:

சாரதா சொல்வது நியாயம்தான். ஆனால் வயசுப் பையனிடம் போய் வேவ் வாங்கு என்றால் கேட்பானா?

ஜோகூர்_ரவுண்டு:

ஃபாந்தம் தாய்லாந்தில் தயாரான வண்டி, சாமான் தேடினால் கிடைக்கும். செயின் செட், பிரேக் ஷூ, கேபிள் எல்லாம் மலேசியாவில், ஜோகூரில் விலை குறைவு. பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள், மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் பொருந்தாமல் மறுபடி கடலைத் தாண்ட வேண்டிவரும். திரும்பும்போது வரிச்சலுகை அளவுக்கு மேல் இருந்தால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் சொல்லி 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டிவிடுங்கள். சுவிட்ச், ரெக்டிஃபையர் (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்குவது) மாதிரி மின்சாமான்களில் போலி அதிகம், அதை மட்டும் இங்கேயே வாங்குவேன்.

துவாஸ்_ஷிஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. விற்பவரிடம் கேட்டேன். 2003 அக்டோபர் பதிவு, 2023-ல் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்திருக்கிறார். காப்புறுதி விசாரித்தேன், மூன்றாம் தரப்புக்கு மட்டும் 640 சொல்கிறார்கள். மாமாவின் கணக்கை விற்பவரிடம் சொன்னதும் 2,900-க்கு இறங்கினார். சாரதா அக்கா, வேவும் பார்த்தேன், ஆனால் 28 மாதத்துக்கு இது போதும் என்று தோன்றுகிறது. பெயின்ட் ஆசையை விட்டுவிட்டேன். கையில் 460 மிச்சம். முதலில் எதை மாற்றுவது?

கிக்ஸ்டார்ட்_மாமா:

அக்டோபர் பதிவு, தப்பித்தீர்கள். 2,900 பரவாயில்லை, ஆனால் 2,750 சொல்லிப் பாருங்கள். முதலில் டயர், அடுத்து பிரேக், அப்புறம் செயின். பேட்டரிக்கு மீட்டர் வைத்துப் பாருங்கள், எஞ்சின் வேகமாக ஓடும்போது 14 வோல்ட் பக்கம் காட்டினால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது, 13-ஐத் தாண்டவில்லை என்றால் பேட்டரி வாங்கும் முன் ரெக்டிஃபையரைப் பாருங்கள். முன்பணம் 100-க்கு மேல் வேண்டாம், மிச்சத்தை சிங்பாஸில் (அரசின் இணைய அடையாளக் கணக்கு) நுழைந்து பெயர் மாற்றும்போது கொடுங்கள். சனிக்கிழமை பார்க்கப் போகிறீர்கள் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், மீட்டர் என்னிடம் இருக்கிறது.