1884 நியூயார்க்: பிளெய்ன் தோற்றது ஒரு பாதிரியாரின் பேச்சாலா?

கேள்வி (வரலாற்று மாணவன்)
1884 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லாந்து 219–182 என வென்றார். நியூயார்க் மாநிலத்தின் 36 எலக்டோரல் வாக்குகள் (அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளான எலக்டர்களின் வாக்குகள்) மட்டும் குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் பிளெய்னுக்குப் போயிருந்தால் 218–183, அவர்தான் அதிபர். அங்கே மக்கள் பதிவு செய்த வாக்குகள் 11.6 லட்சத்துக்கும் மேல். வாக்கு வித்தியாசம் ஒரு நூலில் 1,047, இன்னொன்றில் 1,149. எதை எடுப்பது? பர்ச்சார்ட் பாதிரியாரின் பேச்சே தோல்விக்குக் காரணம் என்பது சரியா?

பதில் (வாக்குச்சீட்டு)
மக்கள் வாக்களித்தது 36 எலக்டர்கள் கொண்ட பட்டியலுக்கு. ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே எண்ணுவார்கள். அரசு அச்சிட்ட பொதுச் சீட்டு அன்று நியூயார்க்கில் கிடையாது. கட்சிகளே அச்சடித்துக் கொடுத்தன. பிடிக்காத பெயரை அடிக்கலாம், அதன் மேல் வேறு பெயருள்ள கோந்துத் துண்டை ஒட்டலாம். அதனால் ஒரே பட்டியலில் இருப்பவர்களுக்குள்ளேயே வாக்கு கூடும், குறையும். எந்த எண்ணை எடுத்தாலும் எந்த அடிப்படையில் என்று குறிப்பிடுங்கள். இரண்டு நூல்களின் எண்களைக் கலந்து கழித்துவிடாதீர்கள்.

பதில் (ஹட்சன் கரை)
அக்டோபர் 29, புதன்கிழமை, ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலில் பிளெய்ன் முன்னிலையில் பர்ச்சார்ட் பேசினார். ஜனநாயகக் கட்சியை "ரம், ரோமன் கத்தோலிக்கம், கலகம்" ஆகியவற்றின் கட்சி என்றார் (ரம் என்றது மதுவை; கலகம் என்றது உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் கிளர்ச்சியை). பிளெய்னின் தாய் ஐரிஷ் கத்தோலிக்கர்; ஐரிஷ் வாக்குகளை அவர் பெரிதும் நம்பியிருந்தார். அந்தப் பேச்சை பிளெய்ன் உடனே மறுக்கவில்லை. வாக்குப்பதிவு நவம்பர் 4, நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. பேச்சு நடந்த அன்றிரவே டெல்மோனிக்கோ உணவகத்தில் ஜே கூல்ட் போன்ற கோடீஸ்வரர்களோடு விருந்து வேறு.

சேதம் உண்மைதான். ஆனால் வித்தியாசம் 1,149 என்றே வைத்தாலும், 575 பேர் கட்சி மாறியிருந்தால் முடிவே புரண்டிருக்கும். இவ்வளவு குறுகிய இடைவெளிக்கு எந்தக் காரணமும் "போதும்". அதனால்தான் ஒற்றைக் காரணத்தை நான் ஏற்பதில்லை. மதுவிலக்குக் கட்சியின் செயின்ட் ஜான் சுமார் 25,000 பெற்றார். 1880-இல் அக்கட்சிக்கு அங்கே 1,500 அளவில்தான் கிடைத்தது. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒனைடா கவுண்டியையும் பாருங்கள்: 1880-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கார்ஃபீல்டுக்குச் சுமார் 1,900 முன்னிலை தந்தது, 1884-இல் மயிரிழையில் கிளீவ்லாந்து பக்கம் போனது. அது குடியரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவரான ராஸ்கோ கான்க்ளிங்கின் ஊர். 1866 முதலே பிளெய்னுக்கும் அவருக்கும் பகை. பிளெய்னுக்காகப் பிரசாரம் செய்ய கான்க்ளிங் மறுத்துவிட்டார்.

பதில் (கணக்கன்)
1880-இல் கார்ஃபீல்டு நியூயார்க் மாநிலத்தில் சுமார் 21,000 முன்னிலை பெற்றார். ஆகவே நீங்கள் விளக்க வேண்டியது ஆயிரத்துச் சொச்சத்தை அல்ல, 22,000 அளவிலான நகர்வை. கவுண்டிவாரியாக 1880, 1884 வாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எண்ணிக்கையோடு சதவீதத்தையும் ஒப்பிடுங்கள். பேச்சுதான் காரணம் என்றால் ஐரிஷ் மக்கள் நிறைந்த நியூயார்க், கிங்ஸ் (புரூக்ளின்) கவுண்டிகளில் அது தெரிய வேண்டும். மதுவிலக்கு என்றால் மாநிலத்தின் வடக்கே கிராமப்புறத்தில். 1882 ஆளுநர் தேர்தலோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். அதில் குடியரசுக் கட்சியினர் பலர் வாக்களிக்கவே வரவில்லை, கிளீவ்லாந்து 1.9 லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். சிறு கட்சி வேட்பாளர் பட்லரின் சுமார் 17,000 வாக்குகளுக்கும் தனி நெடுவரிசை போடுங்கள். அவை பெரும்பாலும் கிளீவ்லாந்துக்குப் போயிருக்க வேண்டியவை.