தன் பிழையைத் தானே எழுதுவார்களா, சூப்பர்வைசர் போட்ட புள்ளியை நம்பலாமா?

வெள்ளவத்தை_101:
கொழும்பில் ஒரு துணிக் களஞ்சியத்தில் கணக்குப் பக்கம் வேலை செய்கிறேன். இரவில் எம்பிஏ ஆய்வேடு. தலைப்பு வேலைப்பளுவும் வேலையிடத்துத் தவறான நடத்தையும். பிந்தி வருவது, சாமான் எடுத்துப்போவது, வேண்டுமென்றே மெதுவாகச் செய்வது, கூட வேலை செய்பவரைக் கேலி செய்வது, இந்த மாதிரி. பென்னட், ராபின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட 19 கேள்விகளை எடுத்துத் தமிழிலும் சிங்களத்திலும் வினாக்கொத்து அடித்தேன். ஆளே தன்னைப் பற்றி நிரப்ப வேண்டும், பெயர் தேவையில்லை.

என் விரிவுரையாளருக்கு அது பிடிக்கவில்லை. "களவெடுத்தவன் களவெடுத்தேன் என்று எழுதுவானா?" என்றார். ஒவ்வொருவரைப் பற்றியும் சூப்பர்வைசரிடமும் கேட்கச் சொன்னார். கேட்டேன். பார்த்தால் சூப்பர்வைசர் எழுதியதைவிட ஆட்கள் தங்களைப் பற்றி எழுதியதுதான் கூட! எதை நம்புவது?

பழைய_ஸ்டோர்ஸ்:
தங்கச்சி, நான் புறக்கோட்டையில் 14 வருஷம் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தவன். எனக்கும் ஒருமுறை இப்படிப் பேப்பர் தந்தார்கள். ஒரு பொடியன் காலையில் எனக்குப் பிளேன்டீ வாங்கி வருவான், வாய் நிறைய "அண்ணை". அவனுக்கு எல்லாவற்றிலும் "ஒருபோதும் இல்லை" போட்டேன். இன்னொருவன் முகத்துக்கு நேரே கதைப்பான். அவனுக்குக் கை கூசாமல் "அடிக்கடி" போட்டேன். அவன் சாமான் எடுத்ததை நான் கண்டேனா? இல்லை. கோபத்தில் போட்டதுதான். அப்புறம் ஸ்டொக் எடுக்கும்போது மேல் தட்டில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒரு படுக்கை கண்டோம். மட்டைப்பெட்டியை விரித்து, சாரத்தை மடித்துத் தலையணையாக வைத்திருந்தது. பிளேன்டீப் பொடியனின் சாரம்.

புள்ளிவிபரம்:
அண்ணை சொன்னதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். ஒருவரைப் பற்றிய பொது அபிப்பிராயம் எல்லாக் கேள்விக்குள்ளும் புகுந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், களவு மறைவில் நடப்பது. சத்தம் போட்டால் பக்கத்து ஆளுக்குக் கேட்கும், மேல் தட்டில் படுத்தால் யார் காண்பது?

பெர்ரி, கார்பென்டர், பராட் ஆகியோர் 2012இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உங்களுக்கு வந்ததுதான் அவர்களுக்கும் வந்தது: மற்றவர்கள் சொன்னதைவிட ஆட்களே தங்களைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஓரளவு ஒத்தும் போயின. மற்றவர்களின் மதிப்பீடு புதிதாகச் சேர்த்தது கொஞ்சம்தான். உங்கள் விரிவுரையாளரிடம் அதைக் காட்டுங்கள்.

ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வேலைப்பளுவையும் தவறையும் ஒரே ஆள் ஒரே இருப்பில் நிரப்பினால் அன்றைய எரிச்சல் இரண்டிலும் ஏறி, தொடர்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதற்காக வேண்டுமானால் வேலைப்பளுவை வேறொரு நாளில் கேளுங்கள்.

சரி, ஒன்று கேட்கிறேன். பெயர் வேண்டாம் என்றீர்களே, அப்படியானால் ஆளின் பேப்பரையும் சூப்பர்வைசரின் பேப்பரையும் எப்படிப் பொருத்தினீர்கள்?

வெள்ளவத்தை_101:
பிடித்துவிட்டீர்கள். கவரின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு இலக்கம் போட்டிருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

பழைய_ஸ்டோர்ஸ்:
களஞ்சியத்தில் நாள் முழுக்க லேபல் பார்க்கிற ஆட்கள் தங்கச்சி. கண்டிருப்பார்கள்.

வெள்ளவத்தை_101:
கண்டிருக்கிறார்கள். வந்த 41 கவரில் 6இன் மூலை இல்லை. மழையில் நனைந்து கிழிந்தது என்று நினைத்து, பொருத்த முடியாது என ஒதுக்கிவிட்டேன். இப்போது மேசையில் பரப்பிப் பார்க்கிறேன். ஆறும் ஒரே அளவாக, நகத்தால் கிள்ளி எடுத்தது. உள்ளே, அனுமதியில்லாமல் பொருள் எடுத்தேன் என்ற வரியில் ஐந்து பேர் "ஒருபோதும் இல்லை"யைத் தொடவே இல்லை, எடுத்ததாகத்தான் போட்டிருக்கிறார்கள். மற்ற 35 பேரில் இரண்டே பேர்தான் அப்படி.

திங்கட்கிழமை இந்த ஆறையும் விரிவுரையாளரிடம் கொண்டுபோகிறேன். பென்சில் விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும்.