செல் பயாலஜியில் பிஎச்டி: பக்கத்திலேயே சேர்ந்துவிடவா, காத்திருக்கவா?

கடலூர்_ஓடி:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் கடலூர் ஓ.டி. புதுச்சேரியில் எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி கடைசி செமஸ்டர், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி, ஆய்வு மாணவருக்கு அரசு தருகிற ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து போய் வருகிற தூரத்தில் ஒரு கைடு இருக்கிறார், ஜூலையிலேயே வந்து சேர்ந்துகொள் என்கிறார். தங்கமான மனிதர், மாணவர்களை அலைய விடமாட்டார். ஆனால் அவர் லேபில் நடப்பது பெரும்பாலும் மூலிகைச் சாறு எடுத்துப் லேபில் வளர்க்கிற புற்றுநோய் செல்களில் போட்டு, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று எம்டிடி அஸே பார்க்கிற வேலை. என் மனசு போனது வேறு பக்கம். ப்ராஜெக்டுக்காக இரண்டு மாதம் வெளியூர் லேப் ஒன்றில் இருந்தபோது இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் ஈஸ்ட் செல் பிரிவதைப் பார்த்தேன். பச்சையாக ஒளிர்கிற நியூக்ளியஸ் மொட்டின் கழுத்துக்குள் நுழையும்போது இழுபட்டு, கொஞ்ச நேரம் உடுக்கை மாதிரி நின்று, அப்புறம் இரண்டானது. அன்று ராத்திரி ஒன்பது மணி வரை அந்த ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

ஒரு வருடம் காத்திருந்து ஹைதராபாத் சிசிஎம்பி, பெங்களூரு என்சிபிஎஸ் என்கிற இரண்டு உயிரியல் ஆய்வு நிறுவனங்களுக்கும் போடலாமா, இல்லை அமெரிக்காவுக்கு முயற்சி செய்யலாமா? அப்பா துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறார். மூன்று வருடத்தில் முடிந்துவிடும்தானே என்று கேட்கிறார், என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நெய்வேலி_பழுப்பு:
தங்கச்சி, முதலில் ஒன்று. ஜேஆர்எஃப் கையில் இருக்கிறதென்றால் உங்கள் சம்பளத்தை நீங்களே கொண்டுபோகிறீர்கள் என்று அர்த்தம். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. உங்களைச் சேர்த்துக்கொள்ள எந்தக் கைடும் யோசிக்க மாட்டார், அதனால் யோசிக்க வேண்டியது நீங்கள்தான்.

நான் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தவன். நிறுவனத்தின் பெயரைப் பார்த்தேன், லேபைப் பார்க்கவில்லை. கைடைப் பார்ப்பதே மாதத்துக்கு ஒருமுறை, மூன்றாவது வருடம் தலைப்பையே மாற்றினார்கள், அதுவரை புரதங்களைக் கண்டுபிடிக்கச் செய்த வெஸ்டர்ன் பிளாட் சோதனை எல்லாம் நோட்டோடு அலமாரிக்குள் போனது. ஏழு வருடம் ஆயிற்று. இதில் எனக்கு இன்னும் ஆறாதது, எனக்கு முன்னால் இருந்த மூன்று பேருக்கும் அதேதான் நடந்திருந்தது, நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

அதனால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் தீசிஸ்களைச் சேர்த்து வைக்கிற சோத்கங்கா தளத்தில் கைடு பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ் வரும், பதிவு செய்த தேதி, சமர்ப்பித்த தேதி பலவற்றில் இருக்கும், கழித்துப் பார்த்தால் எத்தனை வருடம் என்று தெரிந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுகிற பப்மெட் தளத்தில் கடைசி ஐந்து வருடப் பேப்பர்களை எடுத்து முதல் பெயர் மாணவருடையதா என்று பாருங்கள். பாதியில் விட்டுப் போனவர் யாராவது இருந்தால் அவரிடம் கட்டாயம் பேசுங்கள், உள்ளே இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அப்பாவிடம் ஐந்து வருடம் என்றே சொல்லுங்கள். விதிப்படி மூன்று வருடம் குறைந்தபட்சம்தான், செல் வேலையில் அதற்குள் முடிப்பவர்கள் மிக அபூர்வம்.

முத்தியால்பேட்டை_இப்போது_கலிஃபோர்னியா:
அமெரிக்கா பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே உயிரியல் பிஎச்டிக்குப் பெரும்பாலும் நீங்கள் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை, ஸ்டைபண்டும் தருவார்கள். எனக்குப் பிடித்தது ரொட்டேஷன்: முதல் வருடம் இரண்டு மூன்று லேபில் பத்து வாரம் போல வேலை செய்து பார்த்துவிட்டுத்தான் கைடை முடிவு செய்கிறோம். மீட்டிங்கில் பரிசோதனை சரியாக வரவில்லை என்று ஒரு மாணவி சொன்னதும் கைடு முகம் எப்படி மாறுகிறது என்று நான் கவனித்தேன், அதை வைத்தே ஒரு லேபை வேண்டாமென்று விட்டேன். இங்கே இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் மாணவர் பயிற்சிக்குத் தருகிற ட்ரெயினிங் கிராண்ட் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான். அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்குக் கூடுதல் ட்யூஷனும் வருவதால் நம்மவர்களுக்கு இடம் குறைவு. பெர்க்லி மாதிரிப் பெரிய பெயர்களோடு நிறுத்தாமல் தனியார் பல்கலைக்கழகங்களையும் மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த புரோகிராம்களையும் பட்டியலில் வையுங்கள். பல இடங்களில் கடைசித் தேதி டிசம்பர் தொடக்கம், ஜிஆர்இ தேர்வு மதிப்பெண் இப்போது நிறைய இடங்களில் கேட்பதில்லை. மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும், அந்த ஈஸ்ட் லேபில் உங்கள் கைவேலையைப் பார்த்தவர் எழுதுவதுதான் இருப்பதிலேயே எடை கூடியது. விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றும் நூறு டாலருக்குப் பக்கத்தில் வரும், எட்டு இடம் போட்டால் வீட்டுக்குக் கஷ்டம், கட்டண விலக்கு உண்டா என்று தயங்காமல் மெயில் போட்டுக் கேளுங்கள்.

தில்லை_ஆசிரியர்:
அம்மா, நான் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் ஓஹையோவில் இயற்பியலில் பிஎச்டி முடித்துவிட்டு, மனசு உயிரியலில் இருக்கிறது என்று சான் டியாகோவில் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தவர். செல்லுக்குள் புரதம் செய்கிற ரைபோசோம் பற்றிய ஆய்வுக்கு 2009இல் நோபல் வந்தது. நீ ஒரு வருடம் காத்திருப்பதை நினைத்துப் பயப்படுகிறாய், அவர் ஒரு முழு பட்டத்தையே பின்னால் வைத்துவிட்டு வந்தார். உடுக்கை என்று எழுதினாயே, அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். நேர்முகத்தில் இதையே சொல்.

நெய்வேலி_பழுப்பு:
ஐயா சொன்னது சரி. கூடவே ஜேஆர்எஃப் கடிதம் எதுவரை செல்லும் என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், காத்திருப்பதெல்லாம் அந்தத் தேதிக்குள்தான்.

கடலூர்_ஓடி:
எல்லோருக்கும் நன்றி. கடிதத்தைப் பார்த்தேன், நேரம் இருக்கிறது. சோத்கங்காவில் பக்கத்து ஊர்க் கைடின் மாணவர்கள் நாலு பேருமே ஐந்து வருடத்துக்குள் முடித்திருக்கிறார்கள், அதனால் நேற்று நேரில் போய் ஈஸ்ட் ஆசையை அவரிடமே சொன்னேன். கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை, பரிந்துரைக் கடிதம் நானே எழுதித் தருகிறேன் என்றார். ஹைதராபாத், பெங்களூரு இரண்டுக்கும் போடப்போகிறேன். அங்கே செல் பிரிதலில் வேலை செய்கிற லேப்களின் மாணவர்கள் மூன்று பேருக்கு மெயிலும் அனுப்பிவிட்டேன். அமெரிக்கா, இந்த நேர்முகங்கள் முடிந்த பிறகு.

அப்பாவிடம் ஐந்து வருடம் என்று சொன்னேன். ஐந்து வருடமா என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் மாதம் எவ்வளவு தருவார்கள் என்றார், சொன்னேன். ஹைதராபாத்துக்கு ரயில் விழுப்புரத்தில் ஏறணுமா, சென்னையில் ஏறணுமா என்று கேட்டார்.